சிமுலாக்ரம்: தமிழில் என்ன சொல்லலாம்?

பழைய ரோமானியக் கோயில்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது எல்லா உருவத்தையும் 'சிலை' என்றே முடித்துவிடுகிறோம். லத்தீனில் பல சொற்கள் உண்டு. பொது இடத்தில் நிற்கும் தளபதியின் உருவம் பெரும்பாலும் ஸ்டாட்டுவா. வார்த்ததோ செதுக்கியதோ, பொதுவாக எந்த உருவமும் சிக்னம். கருவறையில் இருந்து வழிபாடு ஏற்கும் தெய்வ உருவத்துக்குத்தான் சிமுலாக்ரம் என்ற சொல் அதிகம் வரும். கறாரான பிரிவு இல்லைதான், தெய்வத்தையும் சிக்னம் என்றவர்கள் உண்டு.

சிமிலிஸ் என்றால் 'ஒத்தது'. அதிலிருந்து சிமுலாரே, 'ஒத்திருக்கச் செய்', அப்புறம் சிமுலாக்ரம். கண்ணாடியில் தெரியும் பிம்பம், இறந்தவரின் ஆவியுரு இவற்றுக்கும் இதே சொல்தான். பின்னாளில் லத்தீன் விவிலியம் பிற மதத்தாரின் விக்கிரகங்களைப் பழிக்க இதையே எடுத்துக்கொண்டது. இன்று மெய்யியலில் 'போலி' என்ற பொருளில்தான் அதிகம் அடிபடுகிறது.

ரோமானியர்களுக்கோ அது போலி இல்லை. ரோமின் கேப்பிடோல் குன்றில் இருந்த தலைமைத் தெய்வம் ஜூப்பிட்டர் சுடுமண்ணால் ஆனவர், வேயி நகரத்துச் சிற்பி வுல்கா செய்தது, திருநாளில் அவர் முகத்துக்குச் செந்தூரம் பூசுவார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். சாட்டர்ன் என்ற தெய்வத்தின் உருவத்தில் கால்களைக் கம்பளி நூலால் கட்டிவைத்து, டிசம்பர் திருவிழாவில் மட்டும் அவிழ்த்துவிடுவார்கள். கி.மு. 399-இல் கொள்ளைநோய் வந்தபோது அப்போலோ, டயானா உட்பட ஆறு தெய்வங்களுக்கு மூன்று மஞ்சம் விரித்து எட்டு நாள் விருந்து படைத்தார்கள்.

சரி, தமிழில்? சிலை என்றால் மூலப்பொருளில் கல், சுடுமண் ஜூப்பிட்டருக்கு அது அவ்வளவு பொருந்தாது (இன்று யாரும் அப்படிப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்). 'பொம்மை' என்று எழுதுவது அவமரியாதை. எனக்குப் படிமம்தான் சரியாகப் படுகிறது. வடமொழிப் பிரதிமையிலிருந்து வந்தது என்பார்கள், 'படி' என்ற சொல்லிலிருந்து என்றும் சொல்வார்கள். எப்படியானாலும் 'ஒத்த உரு' என்ற கருத்து உள்ளேயே இருக்கிறது. கவிதைப் படிமத்தோடு குழம்பும் என்றால் 'வழிபாட்டுப் படிமம்' என்று எழுதலாம். பக்தன் கண்ணில் சொல்வதானால் திருமேனி, தஞ்சைக் கல்வெட்டுகளில் புழங்கும் சொல். ஸ்டாட்டுவாவுக்குச் சிலையே போதும்.

அடுப்புத் தெய்வமான வெஸ்டாவின் கோயிலுக்கு மட்டும் இந்தச் சொல் எதுவும் வேண்டாம். அங்கே உருவமே கிடையாது, நெருப்புதான் என்கிறார் ரோமானியக் கவிஞர் ஓவிட்.