ஒற்றை நாற்றும் வேரின் கணக்கும்

"அண்ணாச்சி, ஒத்த நாத்தா நட்டிருக்கீயளே, வயலு மொட்டையால்லா கெடக்கு?" கார் பருவ நடவு முடிந்த மறுநாள், புளியரையில் பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று கேட்டார். ஆரியங்காவுக் கணவாய்க் காற்றில் என் நாற்றுகள் ஈர்க்குச்சி போல ஆடிக்கொண்டிருந்தன. 22.5 சென்டிமீட்டர் சதுர நடவு, குத்துக்கு ஒன்று, 14 நாள் நாற்று. 1980களில் மடகாஸ்கரில் லொலானியே என்ற பாதிரியார் உருவாக்கிய முறை. நம்மூரில் செம்மை நெல் சாகுபடி என்பார்கள். 'நண்டு ஓட நெல்லு' என்று இடைவெளிக்கு அளவு சொன்ன ஊர்தானே நம்முடையது!

சரி, இடைவெளிக்கும் வேருக்கும் என்ன சம்பந்தம்?

நெல்லின் அடித்தண்டில் கணுக்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலை, அதன் கக்கத்தில் ஒரு மொட்டு. வேர் கிளம்புவதும் கணுவிலிருந்துதான். மொட்டு விழித்தால் சிம்பு, அதாவது பக்கத்தண்டு. அந்தச் சிம்பு தனக்கென்று வேர் விட்டு, தானும் சிம்பு வெடிக்கும். வட்டிக்கு வட்டி! ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கதயாமா சொன்ன கணக்குப்படி நான்காம் இலை வரும்போது முதல் இலைக் கக்கத்துச் சிம்பு வர வேண்டும், ஐந்தாம் இலைக்கு இரண்டாவது. மூன்று இலையிலேயே பிடுங்கி நடுவது இதற்காகத்தான். நாற்றங்கால் நெரிசலில் 25 நாள் கிடந்தால் மூத்த சிம்புகள் போச்சு.

மொட்டைத் தூங்க வைப்பது எது? இங்கேதான் எனக்குச் சொக்கிப்போகும். பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அதற்கு அடுத்த நிறமான, நம் கண்ணுக்குச் சரியாக எட்டாத தொலைசிவப்பைத் திருப்பி வீசும். பைட்டோகுரோம் என்ற நிறமி இந்த இரண்டின் விகிதத்தை அளக்கிறது. தொலைசிவப்பு கூடினால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று பொருள். நிழல் விழும் முன்பே பயிர் சிம்பை நிறுத்தி உயரத்துக்குப் போகும். சிம்பு குறைந்தால் வேரும் குறைவு.

நாற்பதாம் நாள் இரண்டு வயலிலும் ஒரு குத்து பிடுங்கி வாய்க்காலில் அலசினோம். என்னுடையது துருநிறத்தில் புசுபுசுவென்று இருந்தது. வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் சேற்று இரும்பைத் துருவாக்கிப் பூசிய நிறம் அது. எப்போதும் தண்ணீர் கட்டி நின்ற அவர் வயல் வேரில் கறுப்பு, அழுகின முட்டை நாற்றம். காற்றுப் புகாத சேற்றில் உண்டாகும் சல்பைடின் வேலை. மகசூலை நிறுக்கத் தராசு போதும். வேரை எண்ணச் சேறு கழுவ வேண்டும். ஆராய்ச்சிப் பணம் தராசுப் பக்கமே சாய்கிறது என்பது என் மனக்குறை.

அவர் வேரை மோந்து பார்த்துவிட்டு, "இடைவெளில கோரை வருமே, கோனோவீடர் தள்ள ஆளுக்கு எங்க போக?" என்றார். நியாயமான கேள்வி. அந்தக் களையெடுக்கும் கருவியைத் தள்ளித் தள்ளி நான் இரண்டு வாரமாகத் தைலம் தேய்க்கிறேன்.