பக்கவாதம், பாரிசவாயு, மூளைத்தாக்கு

திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் காலையில் எழுந்திருக்க முடியாமல் வாய் கோணிக் கிடந்தால் ‘ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டது’ என்பார்கள். ‘ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது’ என்றும் சொல்வதுண்டு. வயதானவர்கள் வாயில் அது பாரிசவாயு. பத்திரிகையில் பக்கவாதம், மருத்துவமனையில் ஸ்ட்ரோக். எந்தச் சொல்லைச் சொன்னாலும் கேட்பவர் மனத்தில் வருபவர் ஒருவர்தான்: அறுபதைத் தாண்டியவர், இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை போடுகிறவர். நான்கு மாதப் பிள்ளை யார் நினைவுக்கும் வருவதில்லை. குழந்தைகளுக்கும் இந்த நோய் வரும், பிறப்பதற்கு முன்பே கூட வரும் என்று சொன்னால் நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கிறது. நாம் புழங்கும் சொற்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

பக்கவாதம் என்பதில் பக்கமும் வாதமும் இருக்கின்றன. பக்கம் வடமொழிப் பக்ஷத்தின் தமிழ் வடிவம் என்பாரும் உண்டு, ‘பகு’ என்ற வேரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்கத் தேவையில்லை. வாதம் ஐயத்துக்கு இடமில்லாமல் வடமொழி. காற்று என்று பொருள். அதற்குத் தமிழில் வளி என்ற சொல் முன்பே இருந்தது. திருக்குறளின் மருந்து அதிகாரம் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று சொல்வது வாத, பித்த, கபங்களைத்தான். உடம்பில் அசைவு எதுவானாலும் அதை வளியின் வேலையாகக் கண்டது பழைய மருத்துவம். ஆகவே அசைவு நின்றால் அது வாத நோய். சித்த மருத்துவ நூல்கள் வாத நோய்களை எண்பதாக வகுத்திருக்கின்றன. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதாலோ என்னவோ, நம் ஊர்களில் ‘வாத உடம்பு’, ‘வாயுப் பிடிப்பு’ போன்ற பேச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது.

பாரிசவாயு என்பதும் இதே பொருள்தான். பார்சுவம் என்ற வடசொல்லுக்கு விலாப்புறம், பக்கம் என்று பொருள். அது தமிழில் பாரிசமாயிற்று. இலங்கைத் தமிழர்கள் இன்றும் பாரிசவாதம் என்றே எழுதுகிறார்கள். ஆக, பக்கக் காற்று என்பதைத்தான் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. ஸ்ட்ரோக் என்றால் அடி. ‘கடவுளின் கை அடித்தது’ என்ற பொருளில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோய்ப் பெயராகப் புழக்கத்துக்கு வந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே கிரேக்கர்கள் அபோப்ளெக்சியா என்றார்கள். அதற்கும் அடித்து வீழ்த்தப்படுதல் என்றுதான் பொருள். நம் கிராமங்களில் ‘காற்று அடித்துவிட்டது’ என்று சொல்கிறார்களே, அதில் வளியும் இருக்கிறது, அடியும் இருக்கிறது! அடித்தது கடவுளும் இல்லை, காற்றும் இல்லை என்று காட்டியவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் யாகோப் வெப்ஃபர். இப்படி இறந்தவர்களின் தலையை அறுத்துப் பார்த்து, மூளைக்குள் இரத்தம் கசிந்து கிடந்ததை 1658இல் நூலாக எழுதினார்.

இன்றைய விளக்கம் எளிது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடலாம், அல்லது வெடித்துக் கசியலாம். இரத்தம் கிடைக்காத மூளைப் பகுதி சாகிறது; அந்தப் பகுதி எந்த வேலையைப் பார்த்ததோ அந்த வேலை நிற்கிறது. பெரியவர்களிடம் அடைப்பே மிகுதி. குழந்தைகளிடம் ஏறக்குறையப் பாதி அடைப்பு, பாதி கசிவு. இந்தப் பாதிக் கணக்கு, சரியான தமிழ்ச் சொல் எது என்று பார்க்கும்போது மறுபடி தேவைப்படும்.

இப்போது பிள்ளைகளுக்கு வருவோம். மருத்துவர்கள் இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கருவின் 20ஆம் வாரம் முதல் பிறந்த 28ஆம் நாள் வரை வருவது ஒன்று, அதற்குப் பின் 18 வயது வரை வருவது மற்றொன்று. முதல் வகை, பிறக்கும் சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. அரிதுதான், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு அரிதில்லை. பிரசவ வார்டில் இது பெரும்பாலும் வலிப்பாகத் தலைகாட்டும்: ஒரு கை மட்டும் தாளம் போடுவதுபோல் வெட்டி வெட்டி இழுக்கும். சில குழந்தைகளிடம் அதுவும் தெரியாது. பால் குடித்து, தூங்கி, எல்லாப் பிள்ளைகளையும் போலவே வீட்டுக்கு வந்துவிடும். பக்கம் விழவே இல்லை. பிறகு பக்கவாதம் என்று எப்படிச் சொல்வது?

முக்கூடலில் ஒரு வீட்டுத் திண்ணையை எடுத்துக்கொள்வோம். அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள். எட்டு மாதப் பையன் நூல்கண்டைப் பிடிக்க வருகிறான். ஒவ்வொரு முறையும் இடக்கைதான் நீள்கிறது. நூல்கண்டை வலப்பக்கம் நகர்த்தி வைத்தாலும் உடம்பையே திருப்பி இடக்கையால் எடுக்கிறான். வலக்கை மூடிய முஷ்டியாக, கட்டைவிரல் உள்ளே மடங்கி, மார்போடு ஒட்டியிருக்கிறது. ‘தாத்தாவைப் போலப் பீச்சாங்கைக்காரன்’ என்று ஆச்சி சிரிக்கிறாள். ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தையும் இடக்கைப் பழக்கம், வலக்கைப் பழக்கம் என்று பிரித்துக்கொள்ளாது. இரண்டு கையாலும் அள்ளும். அதற்குள் ஒரு கையை மட்டும் நாடினால், மற்றக் கைக்கு என்ன என்று கேட்க வேண்டும். பரம்பரையை அப்புறம் பேசிக்கொள்ளலாம். பிறப்பையொட்டி வந்த மூளை அடைப்பு வெளியே தெரியும் முதல் இடம் பெரும்பாலும் இதுதான். ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட மூளை முடக்குவாதத்துக்கு (ஆங்கிலத்தில் செரிப்ரல் பால்சி) முதன்மையான காரணமும் அதுவே.

மூளை முடக்குவாதம் என்று எழுதும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. வாதம் என்ற ஒரே கூரையின் கீழ் எத்தனை நோய்கள்! இளம்பிள்ளை வாதம் போலியோ. வைரஸ் முதுகுத்தண்டின் நரம்பணுக்களைத் தின்பதால் வருவது. கால் தொளதொளவென்று சூம்பிப்போகும். மூளைத் தாக்குதலால் விழுந்த கை நாளாக ஆக விறைக்கும், இறுகும். முகவாதத்தில் பாதிக்கப்படுவது முகத்து நரம்பு மட்டும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். முடக்குவாதம் என்றால் மூட்டு வீக்கம், மூளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ‘பிள்ளைக்கு வாதம்’ என்று சொன்னதும் ‘சொட்டு மருந்து போடவில்லையா?’ என்று கேட்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் புதிதாக ஒருவர்கூட நோயுறவில்லை, 2014இல் போலியோ ஒழிந்த வட்டாரமாக அறிவித்தும் ஆயிற்று. ஆனாலும் கேள்வி மாறவில்லை. பதில் சொல்ல வேண்டிய தாயோ குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள்.

சற்று வளர்ந்த பிள்ளைக்கு வருவது வேறு மாதிரி. நேற்றுவரை ஓடிய பிள்ளையின் கை தொங்கும், வாய் கோணும், பேச்சு குழறும். பெரியவர்களிடம் அவ்வளவாகக் காணாத வலிப்பும், வாந்தியோடு கூடிய கடும் தலைவலியும் பிள்ளைகளிடம் சேர்ந்து வரும். காரணப் பட்டியலில் கொதிப்பும் சர்க்கரையும் இல்லை. பிறவி இதயக் கோளாறு, இரத்தம் உறைவதில் குறை, காசநோய் மூளைக்காய்ச்சல், கடும் இரும்புச்சத்துக் குறைவு, வயிற்றுப்போக்கில் நீர் வற்றிச் சிரைக் குழாய் அடைபடுதல் என்று அது நீளும். இரண்டை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை நம் வீட்டுப் பேச்சோடு மோதுகின்றன.

ஒன்று அம்மை. பங்குனி, சித்திரையில் சின்னம்மை போட்டு, வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு அந்தக் கதை முடிந்தது என்று இருப்போம். சின்னம்மை வைரஸ் சில பிள்ளைகளிடம் மூளைக் குழாயின் சுவரை வீங்கவைத்து, ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் அடைப்பை உண்டாக்கும். ‘பிள்ளைக்குச் சமீபத்தில் அம்மை போட்டதா?’ என்று மருத்துவர் கேட்பது அதனால்தான். அம்மன் வந்த செய்தியை ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாது என்று மறைப்பவர்கள் நோயின் காரணத்தையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள்.

மற்றொன்று விழுதல். ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை கட்டிலிலிருந்து சறுக்கி விழுகிறது. காயம் இல்லை, வீக்கம் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கை, ஒரு கால் அசையவில்லை. ‘பயந்துவிட்டது’, ‘சீர் தட்டிவிட்டது’ என்று மந்திரிக்கத் தூக்கிப் போவார்கள். ஸ்கேன் எடுத்தால், மூளையின் ஆழத்தில் மயிரிழை போன்ற குழாய்களின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். சிறு அதிர்ச்சியிலேயே அந்தக் குழாய் அடைபட்டிருக்கிறது. இந்திய மருத்துவர்கள் அடிக்கடி பதிவு செய்திருக்கும் வகை இது. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத் தேறிவிடுவதால் மந்திரித்தவருக்குத்தான் பேர் போய்ச் சேருகிறது!

மோயாமோயா என்ற வேடிக்கையான பெயருள்ள நோயும் உண்டு. ஜப்பானிய மொழியில் புகை மண்டலம் என்பதுபோல் பொருள். பெரிய குழாய்கள் குறுகி, அவற்றுக்குப் பதிலாக முளைக்கும் சிறு குழாய்கள் படத்தில் புகை போலத் தெரிவதால் வந்த பெயர். இந்தப் பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதாலோ, சூடான கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தாலோ கை சற்று நேரம் துவண்டு பிறகு சரியாகும். வேகமாக மூச்சுவிடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளைக் குழாய்கள் மேலும் சுருங்குவதே காரணம். பிடிவாதத்தில் நடிக்கிறது என்று அடி வாங்கும் பிள்ளைகள் இவர்கள்.

விளைவுகளைப் பற்றி ஒரு பொய் ஆறுதல் ஊரில் உலவுகிறது: சின்ன மூளை, தானே சரியாகிவிடும். பாதி உண்மை. பிறந்த குழந்தையின் இடது மூளை கெட்டால் பேச்சு வேலையை வலது மூளை ஏற்றுக்கொள்ளும். பெரியவரால் அது முடியாது. ஆனால் வளரும் மூளைக்கு இன்னும் கட்டப்படாத அறைகள் உண்டு. கெட்ட இடத்தில் நாளைக்கு வரவேண்டிய திறன் நாளைக்குத்தான் இல்லாமல் போகும். நடந்து, பேசி, அங்கன்வாடிக்குப் போன பிள்ளை மூன்றாம், நான்காம் வகுப்பில் திணறும்: கரும்பலகையைப் பார்த்து எழுத மற்றவர்களைவிட அதிக நேரம், இரண்டு கட்டளையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்று நழுவும், வாசிக்கும்போது வரியின் ஒரு பாதி கண்ணுக்குத் தப்பும். ‘மந்தம்’ என்று ஆசிரியர் எழுதும் பிள்ளையின் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரு செருப்பில் மட்டும் முன்நுனி தேய்ந்திருந்தால், அந்தக் குதிகால் தரையைத் தொடுவதில்லை. கையும் காலும் மறுபக்கத்தைவிடச் சிறுத்து வளர்வதும், வலிப்பு தொடர்வதும் சிலரிடம் உண்டு.

சரியான தமிழ்ச் சொல் எது? மாரடைப்பு என்ற அருமையான சொல் நம்மிடம் இருப்பதால் மூளையடைப்பு என்று சொல்லிவிடத் தோன்றும். பாதிப் பிள்ளைகளுக்கு அடைப்பே இல்லையே. கசிவுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. பக்கவாதம் விளைவின் பெயர். பச்சிளங்குழந்தையிடம் அந்த விளைவு மாதக்கணக்கில் கண்ணுக்கே தெரியாது. எனக்குப் பொருத்தமாகப் படுவது மூளைத்தாக்கு. அடைப்பையும் கசிவையும் அது ஒருங்கே கொள்ளும். அடைப்பு மூளைத்தாக்கு, கசிவு மூளைத்தாக்கு, பிறப்பையொட்டிய மூளைத்தாக்கு என்று பிரிக்கவும் முடியும். ஸ்ட்ரோக்கின் அடியும் அதற்குள் இருக்கிறது. பக்கவாதத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தாக்குக்குப் பின் ஒரு பக்கம் செயலிழந்து நிற்கும் நிலைக்கு அது நல்ல பெயர்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும் கூட. மூளை என்று எழுதியவுடன் ‘மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளை’ என்று ஊர் முத்திரை குத்திவிடும். பக்கவாதத்தில் அந்த இழிவு இல்லை. மூளைத்தாக்கு வந்த பிள்ளைகளில் பலருக்கு அறிவு வழக்கமான அளவில்தான் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். இருந்தாலும் வாதம் என்று கேட்டவர் எண்ணெய் தேய்க்க ஆள் தேடுகிறார், மூளை என்று கேட்டவர் 108க்கு போன் செய்கிறார். முதல் சில மணி நேரத்தில் எனக்கு வேண்டியது இரண்டாமவர்.

பயிற்சிக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளின் நல்ல காலம். பாளையங்கோட்டை மேட்டில், ஹைகிரவுண்ட் என்று ஊரார் சொல்லும் இடத்தில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2019இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தின் ஆய்க்குடியில், அமர் சேவா சங்கம் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காகப் பணியாற்றி வருகிறது. வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளுக்கு ஆரம்பகாலப் பயிற்சியும் தருகிறது. நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையைத் தினமும் வேலை செய்யவைக்கும் பயிற்சி இந்தப் பிள்ளைகளுக்குப் பலன் தருவது. நூல்கண்டை வைத்து வீட்டிலும் தொடரலாம், பயிற்சியாளர் சொன்ன நேர அளவுக்குள்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் பெரும்பாலும் ‘பக்கவாதம், இடது’ என்பதுபோல ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அடைப்பா, கசிவா, காரணம் கண்டுபிடிக்கப்பட்டதா என்று கேட்டு அதையும் எழுதி வாங்குவது நல்லது. மீண்டும் வருமா என்ற கேள்விக்கு விடை இப்படிக் கேட்டு வாங்கும் வரியில்தான் இருக்கிறது: பிறப்பையொட்டி வந்த அடைப்பு திரும்ப வருவது மிக அரிது, குழாய் குறுகும் நோயால் வந்தது திரும்பி வரக்கூடியது, அதற்குத் தொடர் சிகிச்சை வேண்டும்.