பொடுகு வந்தால் தலை காய்ந்துவிட்டது என்று யார் சொன்னது?

போன வாரம் ஓ.பி.க்கு ஒரு பிளஸ் டூ பையனை அவன் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். எண்ணெய் காதோரம் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியிருந்தது. மூக்கின் இரண்டு பக்க மடிப்பும் சிவந்து, புருவத்துக்குள் மஞ்சள் செதில்.

"எண்ணெயே வைக்க மாட்டேங்கிறான் டாக்டர். தலை காய்ஞ்சு கொட்டுது. ஒரு மாசமா நானே பிடிச்சு உட்கார வச்சு தினமும் தேய்ச்சு விடறேன். அப்பவும் குறையல."

அந்த வாரத்தில் இதே பேச்சைக் கேட்பது நான்காவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பையனின் புருவத்திலிருந்து ஒரு செதிலைச் சுரண்டி எடுத்து அம்மாவின் விரலில் வைத்தேன். நசுக்கிப் பார்க்கச் சொன்னேன். மாவு போல உதிரவில்லை. மெழுகு போல விரலில் ஒட்டிக்கொண்டது. "புருவத்துக்கு எண்ணெய் தேய்ச்சீங்களாம்மா?" என்றேன். இல்லை என்றார். அந்தப் பிசுபிசுப்பு அவன் தோலிலிருந்தே வந்தது.

இதற்குப் பெயர் செபோரிக் டெர்மடைட்டிஸ். பொடுகு இதன் லேசான வடிவம். மலசீசியா என்ற ஈஸ்ட், அதாவது ஒருவகைப் பூஞ்சை, நம் எல்லோர் தோலிலும் இருக்கிறது. தோல் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. சிலருடைய தோல் அதற்கு முரண்டு பிடித்துச் சிவக்கிறது, அரிக்கிறது, செதிலாகக் கொட்டுகிறது. அவ்வளவுதான்.

வறட்சிதான் காரணம் என்றால், உடம்பிலேயே அதிகம் காய்ந்து வெடிக்கும் இடமான முழங்காலுக்குக் கீழே அல்லவா இது வர வேண்டும்? அங்கே வருவதே இல்லை. வருவதெல்லாம் தலை, புருவம், மூக்கோரம், காதுக்குப் பின்னால், தாடி மீசைக்குள், நெஞ்சுக்கு நடுவில். எல்லாமே எண்ணெய் அதிகம் சுரக்கும் இடங்கள். எண்ணெய் தேய்த்ததும் செதில் போய்விட்டது போலத் தெரிகிறதே என்பார்கள். போகவில்லை, ஊறித் தலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுநாள் தலை காய்ந்ததும் மொத்தமாக எழும்பும். உடனே இன்னும் கொஞ்சம் எண்ணெய். இப்படியே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு என்னிடம் வருகிறார்கள்.

சரி, என்ன செய்வது? அந்தப் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு, வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு வாரம். பலரும் தப்பு செய்வது இதைப் போடும் விதத்தில். முடியில் நுரை வந்ததும் அலசிவிடுகிறார்கள். மருந்து வேலை செய்ய வேண்டியது முடியில் இல்லை, மண்டைத் தோலில். விரல் நுனியால் தோலில் படும்படி தடவி, ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு அதே நுரையைப் புருவத்திலும் தாடியிலும் தடவலாம். குறைந்த பிறகும் வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "ஷாம்பு விட்டதும் திரும்ப வந்துடுச்சு, மருந்து சரியில்லை" என்று சொல்லாதீர்கள். இது ஒரேயடியாக ஒழியும் நோய் இல்லை, அடக்கி வைக்கும் நோய். தூக்கம் கெட்டால், பரீட்சை வந்தால், குளிர்காலம் வந்தால் எட்டிப் பார்க்கும்.

எலுமிச்சம்பழத்தை அரிந்து தலையில் தேய்க்காதீர்கள். சொறிந்து புண்ணான தோலில் அது எரிச்சலைக் கூட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. சீப்பால் சுரண்டாதீர்கள். பயந்துபோய்ப் பிள்ளையின் துண்டையும் தலையணையையும் தனியாக வைக்காதீர்கள், இது ஒட்டுவாரொட்டி இல்லை.

இதைவிட எனக்கு அதிகக் கோபம் வருவது முகத்தில் போடும் க்ரீம் விஷயத்தில். மூக்கோரம் சிவந்ததும் மெடிக்கலில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிவிடுகிறார்கள். பீட்டாமெத்தசோன், இல்லையென்றால் அதைவிட வீரியமான க்ளோபெட்டசால். இரண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிடும். ஆறு மாதம் கழித்துத் தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரிந்து, பரு கிளம்பி, வெயிலில் இறங்கினாலே எரிகிறது என்று அழுதுகொண்டு வருவார்கள். க்ரீமை நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாகும். அதைத் தாண்டிக் கொண்டுவர மாதங்கள் ஆகின்றன. இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்கள் 2018-லேயே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் வந்தாயிற்று. கடையில் கொடுக்கிறார்கள் என்பதற்காக முகத்தில் பூசாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

எல்லாச் செதிலும் இதுதான் என்றும் இல்லை. முழங்கை, முழங்காலிலும் தடித்த வெள்ளைச் செதில் இருந்தால் சோரியாசிஸா என்று பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைக்குச் செதிலோடு வட்டமாக முடி கொட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம், ஷாம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். கைக்குழந்தையின் உச்சியில் மஞ்சள் பொருக்கு கட்டினால் பயப்படாதீர்கள், சில மாதங்களில் தானாகப் போய்விடும். நகத்தால் பிய்க்க வேண்டாம். பெரியவர்களின் ஷாம்புவும் வேண்டாம். பெரியவர்களுக்குத் திடீரென்று கடுமையாகவும் பரவலாகவும் வந்தால் நாங்கள் எச்ஐவி பரிசோதனை எழுதுவதுண்டு. அது சந்தேகப் பார்வை இல்லை, வழக்கமான கேள்வி. கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா வாசலில் நின்று திரும்பினார். "அப்போ தீபாவளிக்குக்கூட எண்ணெய் வைக்கக் கூடாதா டாக்டர்?" வையுங்கள் என்றேன். விடிகாலையில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஷாம்பு போட்டு நன்றாக அலசிவிடுங்கள், முதல் நாள் ராத்திரியே தேய்த்துவிட்டுத் தூங்க வைக்காதீர்கள். பையன் அப்போதுதான் முதல் முறையாக வாயைத் திறந்து, "கேட்டியாம்மா?" என்றான்.