வாடகை வீட்டுத் தோட்டத்தில் தேங்கும் தண்ணீர் யாருடையது?

"அது வீட்டுக்காரருடைய சாமான் சேர், நாங்க தொடுறதில்ல." டெங்கு பரிசோதனைக்குப் போகும் எங்களைப் போன்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வாடகை வீடுகளில் அடிக்கடி கேட்கும் பதில் இது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் உடைந்த கொமட், பழைய பேசின், பெயின்ட் வாளி என்று ஒரு குவியல் கிடக்கும். அதைச் சுற்றி அந்தூரியமும் குரோட்டனும் அழகாக வளர்ந்திருக்கும். வீட்டுக்காரருக்குப் போன் போட்டால், "குடியிருக்கிறவங்கதானே பார்த்துக்கணும்" என்பார்.

இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இந்த இரண்டு பதிலையுமே ஏற்பதில்லை. வளவில் நுளம்பு பெருகாமல் பார்க்கும் கடமையை அது உரிமையாளர் மீதும் சுமத்துகிறது, குடியிருப்பவர் மீதும் சுமத்துகிறது. பூஞ்செடி உங்களுடையது, கொமட் அவருடையது என்ற கணக்கு அங்கே எடுபடாது.

"இந்தக் குளிருக்கு எங்க சேர் டெங்கு?" என்பது மலைநாட்டில் அடுத்த கேள்வி. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. அங்கே டெங்கு நுளம்பு வளர்வது கஷ்டம்தான். ஆனால் கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம்தான். கம்பளையும் பதுளையும்கூட நுளம்புக்கு அப்படியொன்றும் குளிரான ஊர்கள் இல்லை. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானபோது கண்டி மாவட்டமும் தப்பவில்லை. இன்னொன்று: தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் ஊருக்கு வருவது நல்ல மழைக்காலத்தில். அவர்களில் ஒருவர் உடம்பில் வைரஸோடு வந்தால், நம் தோட்டத்து நுளம்பு அவரைக் கடித்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து வீட்டிலுள்ளவர்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அதைக் கொடுத்துவிடும். அப்படி வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரூபன் வேண்டவே வேண்டாம். வைத்தியரிடம் காட்டுங்கள், மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனையும் செய்துவிட வேண்டும்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். செடியே வைக்காதீர்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. மண்ணில் நட்ட ரோசாவாலோ போஞ்சிப் பந்தலாலோ டெங்கு வராது. தண்ணீரைப் பிடித்து வைக்கும் செடிகளும் சாமான்களும்தான் பிரச்சினை. அதில் முதலிடம் நான் புரோமிலியாட்டுக்குத்தான் கொடுப்பேன். அன்னாசி இனத்துச் செடி அது. இலைகளின் நடுவில் மழைத்தண்ணீர் நிற்கும். டோர்ச் அடித்தால் வெளிச்சம் பட்டதும் குடம்பிகள், அதாவது நுளம்புப் புழுக்கள், நெளிந்து நெளிந்து அடியில் ஒளிந்துவிடும். கொஞ்சம் அசையாமல் நின்று பாருங்கள், மூச்செடுக்க ஒவ்வொன்றாக மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். "இவ்வளவு நாளும் தண்ணி ஊத்தினேன், கண்ணுல படலையே" என்று பல அக்காமார் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சிலர் உடனே மண்ணெண்ணெய்யை எடுத்து வருவார்கள். அது செடியைத்தான் கெடுக்கும். வாரம் ஒருமுறை குழாயை வைத்து வேகமாகத் தண்ணீர் அடித்துப் பழைய தண்ணீரை வெளியே தள்ளுங்கள். தொட்டியில் இருந்தால் அப்படியே சரித்துக் கொட்டிவிடலாம்.

முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க வெப்பமான நாட்களில் ஏழு முதல் பத்து நாள் போதும், குளிரில் இன்னும் கொஞ்சம் கூடும். அதனால்தான் வாரம் ஒருமுறை என்கிறோம். ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். தும்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூத்தொட்டித் தட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மணல் நிரப்புங்கள். போத்தலில் வளரும் மணிபிளாண்டை மண்ணுக்கு மாற்றலாம். மூங்கிலைக் கணுவோடு சேர்த்து வெட்டினால் குழி மிஞ்சாது. டயரில் பெயின்ட் அடித்துச் செடி வைப்பது மட்டும் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உள்வளைவில் நிற்கும் தண்ணீரை யாராலும் முழுதாக வடிக்க முடியாது.

கூரைப் பீலிதான் வாடகை வீட்டின் பெரிய சிக்கல். இலை அடைத்துத் தண்ணீர் நிற்கும். குடியிருப்பவர் அஸ்பெஸ்டஸ் கூரையில் ஏறப் பயப்படுவார், வீட்டுக்காரர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார். வாடகை உடன்படிக்கையில் முற்பணம், கரண்ட் பில் எல்லாம் எழுதுகிறோம். மழைக்கு முன் பீலியை யார் செலவில் துப்புரவு செய்வது, பின்பக்கச் சாமான்களை யார் அகற்றுவது என்றும் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே குடியேறியிருந்தால் ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "அண்ணே, இதில் குடம்பி இருக்கிறது, அகற்றட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் பதில் வரும். பதில் வரும்வரை கவிழ்த்து வைக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.

"புகை அடிக்க வாங்க சேர்" என்று அழைப்பவர்களும் உண்டு. புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும். புரோமிலியாட்டுக்குள் இருக்கும் குடம்பியை ஒன்றும் செய்யாது.

ஒருவர் காலி செய்து மற்றவர் வரும்வரை பூட்டிக் கிடக்கும் வீடுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. கேற்றில் பூட்டு, உள்ளே, காலி செய்து போனவர் விட்டுப்போன தொட்டிகள். வீடு மாறும்போது வேண்டிய செடியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, வெறும் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.