கரண்ட் லைன் இல்லாத தோட்டத்துக்குக் குடிபோறீங்களா, முதல்ல ராத்திரி கணக்கைப் போடுங்க

மதுரைல சோலார் போட்டுக்குடுக்குற வேலை பாக்குறேன். நத்தம் பக்கம், அழகர்மலை அடிவாரம், பேரையூர் அங்குட்டுன்னு ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர் வாங்கிப் போட்டவங்க இப்ப வீடு கட்டி அங்கயே போய் இருந்துருவோம்னு கிளம்புறாங்க, ரொம்ப நல்ல விஷயம், மனசாரச் சொல்றேன். ஆனா போன் போட்டதும் முதல் கேள்வி "தம்பி, மூணு கிலோவாட் போட எவ்வளவு ஆகும்"னு தான் வருது. மூணு எதுக்குன்னு கேட்டா பக்கத்து வீட்ல அதான் போட்டிருக்காங்கன்றாங்க.

பக்கத்து வீட்டு மாடியில இருக்குறது ஈபி லைனோட சேந்த ஆன்கிரிட். பெரும்பாலும் அதுல பேட்டரி இருக்காது, கரண்ட் போச்சுன்னா உச்சி வெயில் அடிச்சாலும் அந்த இன்வெர்ட்டர் தானா நின்னுரும், லைன்மேன் கம்பத்துல ஏறி வேலை பாக்குறப்ப நம்ம வீட்டு கரண்ட் கம்பிக்குப் போயிரக்கூடாதுன்னு தான் அப்படி வச்சிருக்காங்க. 2024ல வந்த பிரதமர் வீட்டு சோலார் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அதுவும் ஈபி இணைப்பு உள்ள வீட்டுக்குத் தான். லைனே இல்லாத தோட்டத்து வீட்டுக்கு அதை நம்பி பட்ஜெட் போடாதீங்க.

நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சுமாரா நாலு யூனிட் குடுக்கும். பகல்ல பிரச்சனை இல்ல. பொழுது இறங்குனதுல இருந்து காலைல ஏழு மணி வரைக்கும் வீட்ல என்னென்ன ஓடுதுங்குறது தான் மொத்த செலவையும் தீர்மானிக்குது, ஏன்னா அது பூராம் பேட்டரில இருந்து வரணும், எல்லா சாமானுக்கும் முன்னாடி செத்துப்போறதும் பேட்டரி தான். கடையில சாதாரணமா குடுக்குற 12 வோல்ட், 150 ஏஹெச் (பேட்டரி கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி ஒண்ணுல 1.8 யூனிட் நிக்கும், ஆனா சார்ஜைப் பாதிக்கு மேல இறக்குனா ஆயுசு சட்டுன்னு குறையும், அப்ப கைக்கு வர்றது 0.9 யூனிட் தான். பழைய மாடல் ஃபேன் 75 வாட், ரெண்டு ஃபேன் ராத்திரி பத்து மணி நேரம் ஓடுனாலே 1.5 யூனிட். அதையே கரண்ட் கம்மியா இழுக்குற 30 வாட் பிஎல்டிசி ஃபேனா மாத்துனா 0.6ல முடிஞ்சுரும். ஃபேனுக்கு ஆகுற காசு பேட்டரில மிச்சமாகும், அதனால பேனல் பாக்குறதுக்கு முன்னாடி ஃபேனைப் பாருங்க. லித்தியம் பேட்டரின்னா எண்பது சதவீதம் வரைக்கும் இறக்கலாம், விலை கூட, ஆனா அங்கயே நிரந்தரமா இருக்கப் போறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன்.

மேலூர் பக்கம் ரிட்டயர் ஆகிப்போன ஒரு சார் வீட்ல அந்தம்மா ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டு வச்சிருந்தாங்க. கிரைண்டர் எந்தெந்த நாள், மிக்சி எத்தனை நிமிசம், டிவி எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும், ராத்திரி பாத்ரூம் லைட் உட்பட எல்லாம் பென்சில்ல. கடைசி வரில "அவருக்கு இன்சுலின் – பிரிட்ஜ்"னு இருந்துச்சு. அந்த ஒரு வரிக்காக மொத்த டிசைனையும் மாத்துனோம், திறக்காத இன்சுலின் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ஐப்பசி கார்த்திகைல மூணு நாள் அடைமழை பிடிச்சாலும் பிரிட்ஜ் நிக்கக்கூடாது. கிரைண்டரை உச்சி வேளைக்கு மாத்திக்கிறேன்னு அவங்களே சொல்லிட்டாங்க. குடிபோறதுக்கு முன்னாடியே இப்ப இருக்குற வீட்ல ஒரு மாசம் இப்படி எழுதிப் பாருங்க, முடிஞ்சா மழைக்காலத்துல ஒரு வாரம் தோட்டத்துல தங்கிப் பாருங்க.

தண்ணி மோட்டாரை வீட்டு பேட்டரில கோக்கவே கோக்காதீங்க. 1 ஹெச்பி மோட்டார் ஓடுறப்ப இழுக்குறதை விட ஸ்டார்ட் ஆகுறப்ப பல மடங்கு இழுக்கும், அதுக்காக இன்வெர்ட்டரைப் பெருசா வாங்கணும். போருக்குத் தனி பேனல், தனி கண்ட்ரோலர் வச்சு பகல்லயே மேல்தொட்டியை நிரப்பிருங்க, தண்ணி மேல ஏறிருச்சுன்னா அதுவும் ஒரு பேட்டரி மாதிரி தான். விவசாயத்துக்குன்னா வேளாண்மைப் பொறியியல் துறை ஆபீஸ்ல சோலார் பம்ப் மானியத்தை விசாரிங்க. சமையலுக்கு கேஸ் இருக்கட்டும், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை இங்கயே யாருக்காச்சும் குடுத்துட்டுப் போங்க.

உசிலம்பட்டி பக்கம் ஒரு வீட்ல பேட்டரி பேக்கப் நிக்கலன்னு கூப்பிட்டாங்க. மூடியைத் திறந்தா தண்ணி தகட்டுக்குக் கீழ போயிருந்துச்சு, டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்துப்போய் கிடக்கு. என்ன ஊத்துனீங்கன்னு கேட்டா போர்த்தண்ணின்றாங்க, போட்டுக்குடுத்தவங்க யாரும் சொல்லலையாம். நம்ம பக்கத்து உப்புத்தண்ணி ஊத்துனா பேட்டரி காலி, டிஸ்டில்டு வாட்டர் மட்டும் தான், மாசம் ஒரு தடவை தண்ணி மட்டம் காட்டுற மிதவையைப் பாருங்க. சார்ஜ் ஏறுறப்ப ஹைட்ரஜன் வரும், படுக்கிற ரூம்லயும் சாமி விளக்கு ஏத்துற இடத்துலயும் பேட்டரியை வைக்காதீங்க.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம், காசைக் குறைக்கிறேன்னு பேனல் லைன்ல வீட்டுக்குப் போடுற சாதா எம்சிபியை (கரண்ட் அளவுக்கு மீறுனா தானா விழுற சுவிட்ச்) மாட்டிட்டுப் போயிடுறாங்க. பேனல்ல இருந்து வர்றது ஒரே திசையில ஓடுற டிசி கரண்ட், அதுல தீப்பொறி லேசுல அணையாது, சுவிட்சுக்குள்ளயே எரிஞ்சு பெட்டி உருகிரும், ஓலை வேஞ்ச வீடுன்னா யோசிச்சுப் பாருங்க. டிசி எம்சிபின்னு போட்டிருக்கான்னு நீங்களே கண்ணால பாத்து வாங்குங்க. பொட்டல்ல தனி வீடு, சித்திரை கோடைமழைக்கு இடி இறங்குற இடம், அதனால இடிதாங்கியும் எர்த்தும் கொட்டேஷன்ல தனித்தனியா எழுதியிருக்கணும். எர்த் குழி காய்ஞ்சு கிடந்தா வேலை செய்யாது, கோடையில தண்ணி ஊத்திட்டே இருங்க.

பேனலைத் தெக்குப் பாத்து பத்து டிகிரி சாய்ச்சு வச்சாப் போதும், ஏணி இல்லாம கைக்கு எட்டுற உயரத்துல வச்சா வயசானவங்களும் தொடச்சுக்கலாம். கழுவுறது வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வெள்ளனயே முடிச்சிருங்க, சூடான கண்ணாடில பச்சத்தண்ணி ஊத்துனா விரிசல் விழ வாய்ப்பிருக்கு.