நூடுல்ஸ்: குழைமா அல்ல, மாவிழை

நூடுல்ஸுக்குத் தமிழில் என்ன என்று யார் கேட்டாலும் உடனே 'குழைமா' என்று பதில் வந்துவிடுகிறது. பரோட்டாவைப் புரியடை ஆக்கிய அதே தூயதமிழ்ப் பட்டியல்தான் இதையும் ஊரெல்லாம் பரப்பியது. குழைமா நல்ல தமிழ்தான், ஆனால் இந்த உணவுக்குப் பொருந்தாத தமிழ்.

மூலம் எளிது. ஜெர்மன் மொழியின் 'நூடெல்' 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. அதன் பன்மை வடிவம் நம்மிடம் வந்தது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் ஹொக்கியன் சீனர்களிடம் கேட்ட 'மீ'யையே எடுத்துக்கொண்டார்கள். அது அவர்கள் வாயில் ஊறிய சொல், அப்படியே இருக்கட்டும்.

சரி, குழைமாவில் என்ன குறை? சோறு குழைந்துவிட்டது என்றால் நாம் குறை சொல்கிறோம் என்று பொருள். நூடுல்ஸுக்கும் அதுவே பெரிய குறை. ஜப்பானில் ஹகாட்டா ராமென் என்னும், சாற்றில் போட்டுத் தரும் நூடுல்ஸை விற்கும் மலிவான கடைகளில், இழை எவ்வளவு விறைப்பாக வேண்டும் என்று சாப்பிட வருபவரே சொல்வார். மெல்லிய இழை சூடான சாற்றில் சீக்கிரம் குழைந்துவிடும் என்பதால் முதலில் அளவாகத்தான் போடுவார்கள். தீர்ந்ததும் 'கயெதாமா' என்று கேட்டால் மிச்சச் சாற்றில் புதிதாக இழை மட்டும் போட்டுத் தருவார்கள். ராமென் மாவில் காரத்தன்மையுள்ள (உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரான காரம்) உப்புநீர் சேர்ப்பதும் அந்த விறைப்புக்காகத்தான். குழையக்கூடாது என்று இத்தனை பாடுபடும் பண்டத்துக்குக் குழைமா என்று பெயரா?

'குழைத்த மா' என்பதுதான் பொருள் என்று வாதிடுவார்கள். அப்படியானால் சப்பாத்தியும் குழைத்த மாதானே? அரிசி நூடுல்ஸில் பல வகைகளுக்கு மாவைப் பிசைவதே இல்லை. மாவுக்கரைசலைத் தகடாக ஆவியில் வேகவைத்து நறுக்குகிறார்கள். முக்கியமாக, நீளமாக, நூல் நூலாக இருப்பது என்ற செய்தி அந்தச் சொல்லில் எங்குமே இல்லை.

அந்தச் செய்தியைச் சொல்ல நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை, கூவியர் எனப்படும் அப்ப வணிகர்கள் சுட்ட பண்டத்தை 'இழைசூழ் வட்டம்' என்கிறது. இழை என்றதும் வடிவம் கண்முன் வந்துவிடுகிறது. மாவால் ஆன இழை, மாவிழை. விளக்கம் கேட்காமலே புரியும். கோதுமையிழை, அரிசியிழை என்று பிரித்தும் சொல்லலாம். சீனர்களும் கோதுமையில் செய்ததை 'மியன்' என்றும் அரிசியில் செய்ததை 'ஃபென்' என்றும் பிரித்துத்தான் சொல்கிறார்கள்.

அப்புறம், மொழிபெயர்ப்பவர்களிடம் ஒன்று. ராமென், உடோன், சோபா என்ற ஜப்பானிய வகைகள் எல்லாவற்றையும் ஒரே குழைமாவில் அடைக்காதீர்கள். அவை தனித்தனிப் பண்டங்களின் பெயர்கள், இட்லி தோசை மாதிரி. பெயரை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் எந்த மாவு என்று எழுதினால் போதும். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் அரிசியிழை எது என்று பார்த்துத் தைரியமாகக் கேட்டு வாங்குவார்.