பாலிகிராஃப் சோதனைக்கு முதலாளி அழைத்தால்: அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் தனியார் நிறுவன ஊழியரிடம் "பொய் கண்டறியும் (பாலிகிராஃப்) சோதனைக்கு வருகிறீர்களா?" என்று கேட்பதே பெரும்பாலும் சட்டமீறல்தான். கட்டாயப்படுத்தினால்தான் தவறு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1988-இல் வந்த ஊழியர் பாலிகிராஃப் பாதுகாப்புச் சட்டம், "வந்தால் உங்களுக்குத்தான் நல்லது" என்று ஜாடையாகச் சொல்வதைக்கூட அனுமதிப்பதில்லை. மறுத்தவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, தண்டிக்கக் கூடாது. வேறெங்கோ எடுத்த சோதனையின் முடிவைக் கேட்டு வாங்கவும் கூடாது. வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

வேலை போனால் விசாவும் போய்விடுமோ என்ற பயத்தில் தலையாட்டிவிடுகிற நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இந்தச் சட்டம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. எச்1பி விசாவில் இருப்பவருக்கும் பொருந்தும். அமெரிக்காவில் இயங்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும்.

குரலை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளும் தடையில் அடக்கம். போதைப்பொருள் பரிசோதனையும், எழுத்தில் நடத்தும் நேர்மைத் தேர்வும் இதில் வராது. அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நாட்டின் பாதுகாப்பு தொடர்பான சில ஒப்பந்தப் பணிகளுக்கும் விலக்கு உண்டு. காவலாளி, கவச வண்டி நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைக் கையாளும் நிறுவனங்களும் நிபந்தனைகளோடு சோதனை நடத்தலாம்.

மற்ற நிறுவனங்களுக்குத் திறந்திருக்கும் ஒரே வழி, நடந்துகொண்டிருக்கும் திருட்டு, கையாடல் போன்ற விசாரணை. பெரும்பாலான சிக்கல் இங்கேதான் வருகிறது. கல்லாவிலிருந்து குறிப்பிட்ட ஒரு நாளில் 3,000 டாலர் காணாமல் போனது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தை எடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்திருக்க வேண்டும். அதோடு உங்கள்மேல் சந்தேகப்பட நியாயமான காரணமும் வேண்டும். "அன்றைக்கு ஷிஃப்டில் இருந்தார்" என்பது மட்டும் போதாது. பொதுவாகச் சரக்குக் கணக்கு உதைக்கிறது என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்தவும் முடியாது.

இவற்றையெல்லாம் எழுதி, நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் ஒப்பமிட்டு, சோதனைக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே உங்கள் கையில் கொடுக்க வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை நாள்கள் கணக்கில் வராது. வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குத் தாள் வந்தால், செவ்வாய் மாலை 3 மணிக்கு முன்னால் சோதனை நடத்த முடியாது. அந்த இடைவெளியில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தாளே தரவில்லை என்றால் அதை அன்றைக்கே தேதியோடு குறித்து வையுங்கள்.

சம்மதித்து உட்கார்ந்தாலும் நடுவில் எழுந்து வந்துவிடலாம். கேள்விகள் அனைத்தையும் முன்கூட்டியே எழுத்தில் பார்க்கும் உரிமை உண்டு. மதம், அரசியல், இனம் பற்றிய கருத்து, பாலியல் வாழ்க்கை, தொழிற்சங்க ஈடுபாடு பற்றிக் கேட்கக் கூடாது. முடிவைப் பாதிக்கக்கூடிய உடல்நலக் குறைவு இருப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சோதனையே நடத்தக் கூடாது.

சோதனை முடிவை மட்டும் வைத்து வேலையை விட்டுத் தூக்க முடியாது, கூடுதல் ஆதாரம் வேண்டும். கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் சோதனைக்கு முன்பும் பின்பும் நீங்கள் வாய்விட்டுச் சொல்வதும் அந்தக் கூடுதல் ஆதாரமாகலாம். முதலில் உங்கள்மேல் சந்தேகம் வரக் காரணமாக இருந்த ஆதாரமும் அப்படி ஆகலாம். என் பார்வையில் இதுதான் இந்தச் சட்டத்தின் பலவீனமான இடம். பதற்றத்தில், "ஒரு தடவை இரண்டு டாலர் குறைவாகப் போட்டேன்" என்று சொல்வது கருவி காட்டும் கோட்டைவிடப் பெரிய கெடுதல் செய்யும். அதனால் மறுக்க முடியும் என்றால் மறுத்துவிடுவதே நல்லது என்பேன். கருவியும் நம்பத்தகுந்தது அல்ல. ஊழியர்களை வடிகட்ட அதன் துல்லியம் போதாது என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் அமைத்த ஆய்வுக் குழு 2003-இலேயே சொல்லிவிட்டது.

சில மாநிலங்கள் இன்னும் கண்டிப்பானவை. மாசசூசெட்ஸில் திருட்டு விசாரணை என்று சொல்லியும் முதலாளி கேட்க முடியாது. கூட்டாட்சிச் சட்டத்தைவிட மாநிலச் சட்டம் கடுமையாக இருந்தால் மாநிலச் சட்டமே செல்லும்.

மீறல் நடந்தால் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் வேஜ் அண்ட் அவர் டிவிஷனில் (சம்பளம், வேலை நேரப் பிரிவு) புகார் கொடுக்கலாம், எண் 1-866-487-9243. அபராதம் ஒரு மீறலுக்கு 10,000 டாலர் என்று தொடங்கியது, பணவீக்கத்தைச் சேர்த்து இப்போது 25,000 டாலரைத் தாண்டிவிட்டது. அப்புறம், நீங்களே 3 ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் போய் வேலையையும் இழந்த சம்பளத்தையும் கேட்கலாம். புகார் கொடுத்ததற்காக உங்களைப் பழிவாங்குவதும் சட்டமீறலே. வேலையில் சேரும்போது "இந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டிருந்தால் பதற வேண்டாம், அந்தக் கையெழுத்து செல்லாது.